சுவருக்கு வெளியே ஒரு ரொட்டி

மகனே,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னால் வேறொருவர் பிரித்துப் படிப்பார் என்பது எனக்குத் தெரியும். கடிதம் பார்க்கிற பட்டாளத்துத் துரைக்குத் தமிழ் வராது. தமிழ் தெரிந்த நம்மவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்வார்கள். அப்படி உட்கார்ந்திருப்பவரே, உங்களுக்கும் என் வணக்கம். கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கடைசிவரை படியுங்கள். படை போகிற சேதியோ கப்பல் வருகிற சேதியோ இதில் இல்லை. ஒரு தகப்பன் தன் மகனிடம் பேசுகிறான், அவ்வளவுதான். நீங்கள் வெட்டி எறிந்தாலும் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. இதையே இன்னொரு பிரதி எழுதிப் பூந்தமல்லி வாசகசாலையில் கொடுக்கப் போகிறேன். நம் சுற்றுவட்டாரத்திலிருந்து கப்பல் ஏறிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் தினமும் அங்கே வந்து யாராவது பேப்பர் படிக்கக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

நான் எதையும் சந்தேகப்படுகிறவன் என்பது உனக்குப் புதிதல்ல. அம்மை குத்த வந்தவரிடம், முதலில் உங்கள் கையில் குத்திக் காட்டுங்கள் என்று நான் கேட்க, தெருவே கைகொட்டிச் சிரித்தது. நீ வெட்கப்பட்டு என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். மண்ணெண்ணெயை முகர்ந்து பார்க்காமல் நான் வாங்கியதில்லை. "உங்க நைனாவுக்குக் காக்கா கத்துனாகூட, அத்த யாரு கத்தச் சொன்னாங்கன்னு தெரிஞ்சாவணும்" என்று உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நீ அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டி வந்தபோதும் அப்படித்தான். எந்த ஊரில் இருக்கிறாய் என்று எழுதக்கூடாது என்பது பட்டாளத்து உத்தரவு; நீயும் எழுதவில்லை. ஆனால், "கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் தானாகவே வாய்க்காலில் புகுந்து தோப்புக்கெல்லாம் பாய்கிறது, கடல் இறங்கும்போது திரும்பிப் போய்விடுகிறது, இங்கே ஏற்றம் இறைக்கிற வேலையே இல்லை நைனா" என்று ஆச்சரியப்பட்டு ஒரு வரி எழுதிவிட்டாய். கத்தரிக்கோல்காரர் அதை ஏதோ தண்ணீர்ச் சமாசாரம் என்று விட்டுவிட்டார். எனக்கு அந்த ஒரு வரி போதும். நீ பிறப்பதற்கு முன்னால், கூலிப்பட்டாளத்து மேஸ்திரியாக நான் போய் இறங்கினேனே, அதே அரபு தேசத்தில், அதே ஊரில்தான் நீயும் இறங்கியிருக்கிறாய். ஊர்ப்பெயரை எழுதமாட்டேன். பாவம், அவர் வேலை போய்விடும்.

உன் கடிதத்தை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே சண்டை சீக்கிரமே முடிந்துவிட்டது என்றும், நமக்கு விரோதமாக இருந்த அரசாங்கத்தைத் துரத்திவிட்டுப் புது அரசாங்கம் ஒன்றை உட்காரவைத்திருக்கிறார்கள் என்றும், அதற்கு இன்னும் கால் ஊன்றவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அவர்களுடைய புதுப் போலீசுக்கு லாரி ஓட்டவும் ரிப்பேர் பார்க்கவும் கற்றுக்கொடுக்க ஆள் பொறுக்குகிறார்களாம், உன்னையும் கேட்டார்களாம். ஒத்துக்கொண்டால் நாயக்காக இருப்பவன் ஹவில்தார் ஆகலாம். ஆனால் உன் பட்டாளம் ஊர் திரும்பினாலும் நீ மூன்று வருஷம் அங்கேயே தங்க வேண்டும். "நீங்க சொன்னாத்தான் ஒத்துப்பேன், நைனா" என்று முடித்திருக்கிறாய். உன் அம்மா இத்தனையையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், புள்ள வரானா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க" என்றாள். மண்ணூர்பேட்டைப் பெண் வீட்டார் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் கவலை அவளுக்கு. ஆனால் நான் இதை எழுதுவது கல்யாணத்துக்காக இல்லை. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு.

நீ சொல்லும் நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. நாம் விலகிவிட்டால் அங்கே அடிதடி ஆகிவிடும், எதிரி உள்ளே வந்துவிடுவான், அவர்களுக்கு இன்னும் பழக்கம் போதாது, கொஞ்ச காலம் கூட இருந்து கற்றுக்கொடுத்தால் பிறகு அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறாய். இதில் எதையும் பொய் என்று நான் சொல்லவில்லை. உன் நல்ல மனசும் எனக்குத் தெரியும். ஆனால் மகனே, என்னையும் இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் அங்கே நிறுத்திவைத்தார்கள். அன்றைக்கும் அது புது அரசாங்கம்தான். வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்து ராஜா என்று உட்காரவைத்தார்கள்; ஊர் ஊராகப் பெரிய மனிதர்களிடம் சம்மதம் வாங்கினார்கள். கொஞ்ச காலம் முட்டுக்கொடுத்தால் போதும், பிறகு தானே நின்றுகொள்ளும் என்று எங்கள் கேப்டன் துரை சொன்னார். நான் அங்கிருந்து வந்து, கல்யாணம் பண்ணி, நீ பிறந்து, வளர்ந்து, மீசை வைத்து, கப்பலும் ஏறிவிட்டாய். அது இன்னும் புது அரசாங்கமாகவே இருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

எனக்கு அங்கே என்ன வேலை என்று உன்னிடம் விவரமாகச் சொன்னதில்லை. ஆற்றின் மேல்பக்கம், கடலின் ஏற்றமும் இறக்கமும் எட்டாத இடத்தில், ஒரு பெரிய வாய்க்கால் பிரிகிறது. அதன் தலையில் ஒரு மதகு. அதன் கரையைப் பலப்படுத்தத்தான் எங்களைக் கொண்டுபோனார்கள். ஏரிக்கரை மண்ணில் வளர்ந்தவன் என்பதால் என்னை மேஸ்திரி ஆக்கினார்கள். அங்கே கடைமடையில் ஜாசிம் என்று ஒரு குடியானவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கரை வேலை அவர் நிலத்து ஓரமாக நடந்தபோது, முதல் நாளே என் தோளில் கை வைத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவி மண்ணடுப்பின் உள்சுவரில் மாவைத் தட்டி ஒட்டி ரொட்டி சுட்டு, சூட்டோடு என் கையில் வைத்தார். யார், எந்த ஜாதி, எந்த மதம், எதற்கு வந்தாய், ஒரு கேள்வி இல்லை. அந்த ஊரில் வாசலுக்கு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்புவது மானக்கேடு. பட்டாளத்து இந்துஸ்தானியும் அவர்கள் பாஷையில் பாதியுமாக நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் சொன்ன ஒரு விஷயத்தைக் கேட்டு நான் வாயைப் பிளந்தேன். மதகைத் திறந்து மூடுகிற ஆளை ஊர்தான் பொறுக்கி எடுக்குமாம். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே வீட்டுக்கு வீடு தானியம் அளந்து கொடுப்பார்களாம். நம் காட்டுப்பாக்கம் ஏரியில் நடப்பது அப்படியே!

நம் மதகுக்காரரை உனக்கு நினைவிருக்கும். நீ சின்னப் பையனாக இருந்தபோது மழை பொய்த்த ஒரு வருஷம், நம் முறைத் தண்ணீரைப் பாதியில் நிறுத்திக் கடைமடைக்குத் திருப்பிவிட்டார். உன் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், "எங்க ஊட்டு நெல்லத் துன்னுட்டு எங்க வயலையே காய உடுறியா, இன்னா நெனச்சிகினு கீறே நீ?" என்று கத்தினாள். அவர் கோபிக்கவில்லை. நம் வாசலிலேயே குந்திக்கொண்டு, "அக்கா, அவங்க ஊட்டு நெல்லயும்தான் நான் துன்றேன்" என்றார். சாயந்திரம் வரைக்கும் சண்டை. கடைசியில் இவளே அவருக்கு மோர் கொடுத்தாள். அந்த வருஷ அறுப்பில், திட்டிக்கொண்டே நெல்லும் அளந்தாள். "சண்ட போட்டவருக்கு ஏன் நைனா நெல்லு குடுக்குறோம்?" என்று நீ கேட்டாய். நான் அப்போது ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். நாம் அளந்து கொடுத்ததால்தான் உன் அம்மா அவர்மேல் உரிமையோடு கத்த முடிந்தது. அவரும் வந்து நம் வாசலில் குந்தித்தான் ஆகவேண்டியிருந்தது. எல்லா வீட்டு நெல்லும் சேர்ந்துதான் அவருக்குச் சோறு. அதனால் எல்லாருக்கும் பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.

அந்த வாய்க்காலுக்கு, ஊர் வைத்திருந்த மதகுக்காரருக்குப் பதிலாக, புது அரசாங்கம் சம்பளத்தில் ஓர் அதிகாரியை அனுப்பியது. யூசுப் என்று பெயர். அந்தத் தேசத்துக்காரர்தான், பட்டணத்தில் படித்தவர். நீ அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடக்கூடாது. அவ்வளவு நேர்மையான ஆளை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். தலைமடையில் இருந்த பெரிய நிலக்காரருக்கு அஞ்சாமல், கடைமடைக்குச் சேரவேண்டிய தண்ணீர் முறையை எழுதி மதகில் ஒட்டினார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் யாரோ அவர் வீட்டை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். குண்டு கதவில் பட்டது. யார் சுட்டது என்று கடைசிவரை தெரியவில்லை. மறுநாளே கேப்டன் துரை என்னைக் கூப்பிட்டு, அந்த வீட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பச் சொன்னார். வாசலில் துப்பாக்கியோடு பாரா நிறுத்தினார்கள். பாரா நின்றவர்களும் நம் நாட்டுப் பிள்ளைகள்தான். சுவரை நான் பிரமாதமாகக் கட்டினேன். துரை தட்டிக் கொடுத்தார். ஒரு நல்ல மனிதரைக் காப்பாற்றிவிட்டோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்தால் நீயும் இன்று அப்படித்தான் நினைக்கிறாய் என்று தெரிகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனமாகக் கேள். முன்பெல்லாம் தண்ணீர் வராவிட்டால் கடைமடைக்காரர்கள் மதகுக்காரர் வாசலில் போய்க் கும்பலாகக் குந்திவிடுவார்கள். இப்போது பாராக்காரன் சீட்டு இருக்கிறதா என்று கேட்டான். சீட்டு வாங்கும் வழி தலைமடை நிலக்காரரின் ஆட்களுக்குத்தான் தெரிந்திருந்தது. அவர்கள் மட்டும் உள்ளே போனார்கள். எல்லாம் ஒழுங்காகப் பாய்கிறது என்று அவர்கள் சொன்னதை யூசுப் நம்பினார். அவர் ஒட்டிய முறை மதகில் ஒட்டியபடியே இருந்தது. தண்ணீர் மட்டும் கடைமடைக்கு வரவில்லை. வெளியே போய்ப் பார்க்கிறேன் என்று அவர் கிளம்பினால், முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் அவர். அந்தக் கும்பலைப் பார்த்ததும் ஜனங்கள் வீட்டுக்குள் போய்விடுவார்கள். ஜாசிமின் பயிர் பால் பிடிக்கும் நேரத்தில் கருகிப்போனது.

நான் ஒரு நாள் ஜாசிம் வீட்டுக்குப் போனேன். பழக்கதோஷம், ரொட்டி வாசனை வந்தது, கால் தானாகத் திரும்பிவிட்டது. அடுப்பெதிரே இருந்த அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார். வாசலில் இருந்த ஜாசிம் எழுந்திருக்கவில்லை. அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படித்தான் வரும்: "அந்தப் புள்ள நல்லவன்தான். ஆனா அவன் துன்ற சோறு எங்க ஊட்லேர்ந்து போவலியே. அவன் ஊட்டு வாசல்ல நிக்கிறதும் எங்க ஆளு இல்லியே. அப்பறம் அவன் எதுக்கு எங்க மூஞ்சியப் பாக்கணும்? நீங்க கெளம்பிட்டா அவன் இன்னா பண்ணுவான்னு யோசிச்சியா?" வரும் வழியில் நான் கட்டிய சுவரைப் பார்த்தேன். ஒரு செங்கல்கூடக் கோணல் இல்லை. எனக்கு அழுகை வந்தது.

ஜாசிம் கேட்டதற்குப் பதில் கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிட்டது. எங்கள் பட்டாளத்தை வேறு இடத்துக்கு மாற்றி உத்தரவு வந்தது. நாங்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது யூசுப் ஒரு படுக்கைச் சுருட்டோடு வந்து லாரியில் ஏறி உட்கார்ந்தார். "இது உங்க தேசமாச்சே, நீங்க எதுக்கு எங்ககூட வரீங்க?" என்று கேட்டேன். சுவரைக் காட்டி, "அதுக்கு உள்ள இருந்த வரைக்கும்தான் இது என் ஊரு, மேஸ்திரி" என்றார். பிறந்த மண்ணில் ஒரு மனிதன் ஒரு ராத்திரிகூட எங்கள் துப்பாக்கி இல்லாமல் தங்க முடியாதபடி, உதவி என்ற பெயரில் நாங்கள் செய்துவிட்டோம். அவரைச் சுட வந்தவனைவிட நாங்கள்தான் அவருக்கு அதிகம் கெடுதல் செய்தோம் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது.

இதெல்லாம் எங்கோ தூரதேசத்துக் கதை என்று நினைக்காதே. இப்போது சேக்காட்டில் உன் பெரியம்மா வீட்டைத் தாண்டிப் பட்டாளத்து முகாம் போட்டிருக்கிறார்கள். துரைமார்கள் பொல்லாதவர்கள் இல்லை. பிள்ளைகளுக்குப் பிஸ்கோத்து கொடுக்கிறார்கள். ஆனால் கிணற்றுக்குப் போகிற பாதையில் முள்கம்பி. போன வாரம் வந்திருந்த பெரியம்மா, "வாக்கப்பட்டு வந்து பேரன் எடுத்த ஊர்ல, தண்ணிக்குப் போறதுக்கு நான் யாருன்னு ஒருத்தங்கிட்ட சொல்லணுமாம். பிஸ்கோத்து வோணாம்பா, வழிய உடச் சொல்லு" என்றாள். இதைக் கேட்டபோது எனக்கு ஜாசிம் வீட்டுக் கதவு நினைவுக்கு வந்தது. நமக்கு இன்னும் பக்குவம் வரவில்லை, வந்ததும் சுயராஜ்யம் தருகிறோம் என்கிறார்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களே நம் பிள்ளைகளை அனுப்பி இன்னொரு தேசத்துக்கு ராஜ்யம் நடத்தக் கற்றுக்கொடுக்கிறார்கள். எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. கத்தரிக்கோல்காரரே, இந்த இடத்தை வெட்டித்தான் தீரவேண்டும் என்றால் வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன்னால் மட்டும் இன்னொரு தடவை படித்துவிடுங்கள்.

வேண்டாம், ஒத்துக்கொள்ளாதே, பட்டாளம் திரும்பும்போது நீயும் திரும்பி வா என்று எழுதி, நேற்றே இந்தக் கடிதத்தை முடித்துவிட்டேன். மடிக்கும்போது உன் அம்மா, உன் கடிதத்தோடு நீ அனுப்பிய போட்டோவை விளக்கு மாடத்திலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இந்தாங்க, போன படத்துல சட்டக் கையில ரெண்டு கோடுதான இருந்துது? இதுல மூணு கீது, பாருங்க" என்றாள். அவளுக்கு அது ஏதோ புதுத் தையல். வாங்கிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். மூன்றுதான். ஹவில்தார் பட்டை. அதாவது, என்னைக் கேட்டு எழுதுவதற்கு முன்பே நீ ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டாய். மண்ணெண்ணெய்க்காரனிலிருந்து துரை வரைக்கும் ஒருவரையும் நான் நம்பியதில்லை. உன் கடிதத்தை மட்டும் ஒரு தடவைகூடச் சந்தேகப்பட்டுப் படித்ததில்லை. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே எழுதிச் சொல்.

கோபம் இருக்கிறது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உன் வயதில் நானும் அந்தச் சுவரைக் கட்டிவிட்டுத் தட்டிக்கொடுத்ததற்குப் பூரித்துப்போனவன்தான். ஓடி வந்துவிடு என்றும் சொல்லமாட்டேன். பட்டாளத்திலிருந்து ஓடினவன் கதி எனக்குத் தெரியும். ஆகையால் முன்பு எழுதிய முடிவை அடித்துவிட்டு இதை எழுதுகிறேன். லாரி ஓட்ட நன்றாகக் கற்றுக்கொடு, வேலையில் குறை வைக்காதே. கற்றுக்கொள்கிற பிள்ளைகளில் யாராவது ஒருவன் உன்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறானா என்று மட்டும் பார். நீயாகக் கேட்காதே. விருந்தாளியைக் கூப்பிடாத வீடு அந்தத் தேசத்தில் கிடையாது; கூப்பிடவில்லை என்றால் அவர்களுக்கு மனசில்லாமல் இல்லை, உன்னை எந்தப் பக்கத்து ஆளாக அக்கம்பக்கத்தார் பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கூப்பிட்டால், துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போ. அவன் அம்மா சுட்டுத் தரும் ரொட்டியைச் சாப்பிடு. அன்றைக்கே உட்கார்ந்து, "நைனா, நீங்க சந்தேகப்பட்டது தப்பு" என்று எனக்கு எழுது. அதை நானே வாசகசாலையில் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டுகிறேன். ஒருவரும் கூப்பிடாமலே மூன்று வருஷம் போய்விட்டால், இன்னும் கொஞ்ச காலம் இரு, இவர்களுக்குக் கால் ஊன்றவில்லை என்று நிச்சயம் உன்னிடம் சொல்வார்கள். அன்றைக்கு முடியாது என்று சொல்லிவிட்டுக் கப்பல் ஏறு.

இதை ஒட்டப் போகும்போது உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "இம்மாம் நேரமா இன்னாதான் எய்திகினு கீறீங்க? நான் சொன்னேன்னு ஒண்ணே ஒண்ணு கேளுங்க. அங்க எம்புள்ளைக்கு யாராவது ஊட்ல கூப்ட்டு ஒரு வாய் சோறு போடுறாங்களா?" என்றாள்.

அதைத்தான் கேட்டிருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன்.

உன் நைனா